முகவரியைச் சரிபார்த்த கதை



நாம் உறவினருக்குக் கடிதம் எழுதுகிறோம். உறையின்மேல் பெயர், தோட்டம், ஊர் எல்லாம் எழுதித் தபாலில் சேர்க்கிறோம். முகவரி தவறாகிவிட்டால் என்ன ஆகும்? தபால்காரர் தோட்டத்து ஆபீசில் கொடுத்துப் பார்ப்பார். கிராணியார் நாலு பேரை விசாரிப்பார். அப்படியும் ஆள் அகப்படாவிட்டால் கடிதம் நமக்கே திரும்பி வரும். நாள் வீணாகும், தபால்தலைக் காசு வீணாகும், அதற்குமேல் கேடில்லை.

கணிப்பொறிக்குள்ளும் முகவரிகள் உண்டு. அங்கே தவறான முகவரிக்குப் போன ஒரு சேதி, ஒரு நல்ல சாதனத்தையே பாழாக்கிவிடக் கூடும். அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. "இந்த முகவரி சரிதானா, அங்கே ஆள் இருக்கிறாரா?" என்று சோதித்துப் பார்த்த செயலே கேடு விளைவித்ததும் உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் சற்று விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

கணிப்பொறிக்குள் பஸ் என்று ஒன்று இருக்கிறது. பஸ் என்றதும் கோலாலம்பூருக்குப் போகும் பஸ்ஸை நினைத்துவிட வேண்டாம். ஆனால் பெயர்ப் பொருத்தம் இல்லாமலும் இல்லை. பஸ் என்பது 'எல்லாருக்கும்' என்று பொருள்படும் ஓர் இலத்தீன் சொல்லின் வால். கணிப்பொறியில் கணக்குப் போடும் செயலி, எழுத்துகளைத் தாங்கி நிற்கும் நினைவகம், அச்சடிக்கும் கருவி, தகட்டில் பதியும் கருவி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓடும் கம்பிக் கூட்டமே பஸ். செயலி இந்தக் கம்பிகளில் முதலில் ஒரு முகவரி எண்ணை வைக்கும். அந்த எண்ணுக்கு உரியவர் மட்டும் பதில் தரவேண்டும். மற்றவர்கள் சும்மா இருக்கவேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான்.

லயத்து வீடுகளுக்கு எண் போட்டிருப்பதைப் போலத்தான் இது. ஆனால் எண் இருக்கிற வீட்டிலெல்லாம் ஆள் குடியிருப்பதில்லை அல்லவா?

1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் நிறுவனம் பிடிபி-11 என்ற கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்த பஸ்ஸுக்கு யூனிபஸ் என்று பெயர். கார்டன் பெல் என்னும் பேரறிஞர் அதன் வடிவமைப்பில் முதன்மையானவர். முகவரிக்கென்று அதில் 18 கம்பிகள் இருந்தன. 18 கம்பிகளால் 262,144 முகவரிகளைக் குறிக்கலாம். நினைவகத்துக்கும் கருவிகளுக்கும் தனித்தனி வழி வைக்காமல், ஒரே வரிசை எண்ணிலேயே எல்லாவற்றையும் குடியமர்த்தினார்கள். மேல்கோடியிலிருந்த 8,192 முகவரிகள் கருவிகளுக்கு, மற்றவை நினைவகத்துக்கு.

இந்த யூனிபஸ்ஸில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. செயலி ஒரு முகவரியைக் கூப்பிட்டால், அங்கிருப்பவர் "வந்தேன்" என்று ஒரு தனிக் கம்பியில் பதில் தந்தாக வேண்டும். ஒரு வினாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் சில கூறு நேரம் செயலி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால், அங்கே ஆள் இல்லை என்று முடிவுகட்டி, செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, நினைவகத்தில் 4ஆம் எண் இடத்தைப் போய்ப் பார்க்கும். இப்படிப்பட்ட இடையூறு வந்தால் எங்கே போய் என்ன செய்வது என்ற கட்டளை அங்கே குறித்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டு எழுத்து அகலமுள்ள சொல்லை ஒற்றைப்படை முகவரியிலிருந்து கேட்டாலும் இதே கதிதான். ஆக, முகவரியைச் சரிபார்க்கும் வேலையை அந்தக் காலத்தில் இயந்திரமே செய்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் அடிப்படை நிரலை இந்தப் பிடிபி-11ல் வளர்த்தார்கள். மற்ற நிரல்களையெல்லாம் கட்டி மேய்ப்பது அடிப்படை நிரலின் வேலை. 1975ல் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பில் ஓர் அழகான உத்தி இருக்கிறது. கணிப்பொறியை முடுக்கியதும், தன்னிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பது யூனிக்ஸுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் மாட்டார்கள். எனவே அது 64 எழுத்து கொண்ட ஒவ்வொரு கட்டாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். பதில் வந்தால் அந்தக் கட்டைத் துடைத்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். எந்தக் கட்டில் முதன்முதலாகப் பதில் வரவில்லையோ அங்கே நின்றுவிடும். நினைவகம் அவ்வளவுதான் என்று தெரிந்துபோகும்.

பதில் வராவிட்டால் இயந்திரம் வேலையை நிறுத்திவிடும் என்று சொன்னோமே, அப்புறம் எப்படி? அதற்கும் வழி செய்திருந்தார்கள். தட்டும் முன்பாக, "இப்போது இடையூறு வந்தால் பதறவேண்டாம், இன்ன இடத்துக்குத் திரும்பி வந்துவிடு" என்று ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொள்வார்கள். தட்டி முடிந்ததும் அந்தக் குறிப்பை எடுத்துவிடுவார்கள். கடிகாரத்தையும் இப்படித்தான் தேடினார்கள். அந்த இயந்திரத்தில் இரண்டு வகைக் கடிகாரக் கருவிகளில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். முதல் கடிகாரத்தின் முகவரியைத் தட்டுவது. பதில் இல்லையேல் இரண்டாவதைத் தட்டுவது. அங்கும் இல்லையேல் 'கடிகாரம் இல்லை' என்று எழுதிவிட்டு யூனிக்ஸ் மேலே போக மறுத்துவிடும்.

இந்த நிரலை வரிக்கு வரி விளக்கி, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் ஆசிரியர் 1970களின் நடுவில் தம் மாணவர்களுக்காக ஒரு விளக்கநூல் எழுதினார். அடுத்து வந்த பதிப்பின் நிரலை வகுப்பறையில் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்று உரிமையாளர்கள் தடைபோட்டார்கள். மாணவர்கள் என்ன செய்தார்கள்? லயன்ஸின் பழைய நூலையே படிக்குப் படி நகலெடுத்து உலகெங்கும் பரப்பினார்கள். 1996ல்தான் அது முறையாக அச்சேறியது. பாடம் நடத்துவோர் என்ற முறையில் இந்தச் செய்தியைச் சொல்லாமல் கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை.

இனி 1981க்கு வருவோம். அந்த ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வீட்டிலும் அலுவலகத்திலும் வைத்துக்கொள்ளத்தக்க சிறு கணிப்பொறியை வெளியிட்டது. அதன் செயலி இன்டெல் நிறுவனத்தின் 8088. இன்டெல் என்றால் நமக்கு அந்நியமில்லை. 1972ல் பினாங்கு பாயான் லெப்பாஸில் அந்த நிறுவனம் தொழிற்சாலை திறந்தது. நம் குடும்பப் பெண்கள் பலர் அந்த வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறிப் போய் வேலை செய்தவர்கள்.

ஐபிஎம்மின் சிறு கணிப்பொறியில் விலையைக் குறைக்கச் செய்த சிக்கனங்களில் ஒன்று, பதில் வராததைக் கண்டுகொள்ளும் ஏற்பாடு இல்லாமற் போனது. கருவிகள் குடியிருக்கும் முகவரியை ஒரு நிரல் தட்டுகிறது. அங்கே யாருமில்லை. யூனிபஸ்ஸாக இருந்தால் "ஆளில்லை" என்று சொல்லியிருக்கும். இங்கேயோ, கம்பிகள் வெறுமனே இருக்க, செயலி அவற்றில் தென்பட்டதை எடுத்துக்கொண்டு வந்துவிடும். பெரும்பாலும் 255 என்ற எண் வரும். 'ஆளில்லை' என்பதற்கு அடையாளமா அது, உண்மையிலேயே ஒருவர் சொன்ன 255தானா என்று நிரல்தான் யோசித்து முடிவுசெய்ய வேண்டும். போதாக்குறைக்கு, இந்தப் பொறியில் செருகிய அட்டைகள் முகவரியின் கடைசி 10 கம்பிகளை மட்டுமே பார்த்தன. 10 கம்பிக்கு 1,024 முகவரிதான். அதற்குமேல் போன எண்களைக் கூப்பிட்டாலும் அதே 1,024 பேரில் ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார்.

இங்கேதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது. நினைவகத்தைப் படிப்பது சுவரில் எழுதியதைப் படிப்பதுபோல. எத்தனை முறை படித்தாலும் எழுத்து அப்படியே இருக்கும். கருவியைப் படிப்பது அப்படியல்ல. அது தபால் பெட்டியைத் திறந்து கடிதத்தைக் கையில் எடுப்பதுபோல. எடுத்தால் பெட்டி காலியாகிவிடும். அந்நாளைய கணிப்பொறியில் தொலைபேசி வழியாகச் செய்தி வாங்கும் கருவியைப் பாருங்கள். வந்த எழுத்தை ஒருமுறை படித்துவிட்டால் அந்த எழுத்து அங்கிருந்து போய்விடும். சோதிப்பதற்காக ஒரு நிரல் அதைப் படித்துவிட்டால், உண்மையில் அந்த எழுத்துக்காகக் காத்திருந்தவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. சில வலையட்டைகளில் ஒரு குறிப்பிட்ட முகவரியைப் படித்த மாத்திரத்தில் அட்டை தன்னைத்தானே முதலிலிருந்து தொடங்கிக்கொள்ளும். கேட்பதே அங்கே ஒரு செயல்.

1991ல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் அடிப்படை நிரலைத் தொடங்கினார். அதை எழுதியவர்கள் எந்த அட்டை எந்த முகவரியில் இருக்கிறது என்று தாமே தேடிக் கண்டுபிடிக்க முயன்றபோது இந்தத் தொல்லை நன்றாகத் தெரியவந்தது. வலையட்டையைத் தேடிப் போன நிரல் வேறொரு அட்டையின் கதவைத் தட்டி, அது குழம்பி, கணிப்பொறியே அசையாமல் நின்றுபோன சம்பவங்கள் பல. ஆகவே, "இன்ன முகவரியிலிருந்து இத்தனை எண்களைத் தட்டாதே" என்று பயனாளரே முன்கூட்டிச் சொல்லிவைக்க லினக்ஸில் ஒரு கட்டளையைச் சேர்த்தார்கள்.

1992ல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ என்னும் புதிய பஸ் இதற்கு ஒரு நல்ல தீர்வு கண்டது. ஒவ்வொரு அட்டையும் தன் நிறுவனத்தின் எண்ணைச் சொல்வதற்கென்றே தனி இடம் வைத்தார்கள். அதைப் படிப்பதால் ஒரு தீங்கும் நேராது. ஆள் இல்லாத இடத்தைப் படித்தால் 65,535 என்று வரும். அந்த எண்ணை எந்த நிறுவனத்துக்கும் தருவதில்லை என்று விதி செய்தார்கள். ஐயத்துக்கு இடமே இல்லை.

தொல்லை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் கணிப்பொறிக்குள் இன்னொரு சின்ன பஸ் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில், தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றுக்குள் இருக்கும் சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக ஐ-ஸ்கொயர்-சி என்னும் பஸ்ஸை உருவாக்கியது. அதற்கு இரண்டே கம்பிகள். ஒன்று தாளம் போடும், மற்றது சேதி சொல்லும். முகவரி எண்கள் 0 முதல் 127 வரை. இவற்றுள் முதல் எட்டும் கடைசி எட்டும் தனிக் காரியங்களுக்காக ஒதுக்கப்பட்டவை. 0 என்பது ஒருவருடைய முகவரியே அல்ல. எல்லாரையும் சேர்த்துக் கூப்பிடும் பொது அழைப்பு. 8 முதல் 119 வரையுள்ள 112 எண்களே சாதாரணக் குடியிருப்பாளர்களுக்கு.

இந்தப் பஸ் நடப்பது அசல் பெரட்டுக் களம்தான். விடியற்காலையில் மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் இருந்தால் குரல் வரும். இங்கேயும் எண்ணைக் கூப்பிட்டதும் உரிய சில்லு சேதிக் கம்பியை ஒரு தாளத்துக்குக் கீழே இழுத்துப் பிடிக்கும். அதுதான் "இருக்கிறேன்" என்னும் குரல். இழுக்காவிட்டால் ஆள் இல்லை. எண்ணைக் கூப்பிடும்போதே "உனக்கு எழுதப்போகிறேன்" அல்லது "உன்னிடமிருந்து படிக்கப்போகிறேன்" என்ற இரண்டில் ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

சிறு கணிப்பொறிகளில் இந்தப் பஸ்ஸின் மறுவடிவம் 1990களின் நடுவில் புகுந்தது. வெப்பம் எவ்வளவு, விசிறி எவ்வளவு வேகம் என்று அளக்கும் சில்லுகள் அதில்தான் குடியிருந்தன. எந்தச் சில்லு எந்த எண்ணில் என்று தயாரித்தவர்கள் வெளியே சொல்லவில்லை. எனவே 1990களின் கடைசியில் லினக்ஸ் அன்பர்கள் ஒரு நிரல் எழுதினார்கள். அது பெரட்டு எடுப்பதுபோல் ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும். "உனக்கு எழுதப்போகிறேன்" என்று கூப்பிடும். குரல் வந்ததும் ஒன்றும் எழுதாமல் "போதும்" என்று விட்டுவிடும். பெயரைக் கூப்பிட்டோம், வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நாமும்தான் நினைத்திருப்போம்.

ஐபிஎம்மின் திங்க்பேட் மடிக் கணிப்பொறிகள் பலவற்றில் அட்மெல் நிறுவனத்தின் 24ஆர்எஃப்08 என்னும் நினைவுச் சில்லு இருந்தது. அதன் முகவரி 84 முதல் 87 வரை. கணிப்பொறியின் வரிசை எண் முதலான அடையாளங்கள் அதில் பதிந்திருந்தன. எழுதப்போவதாகக் கூப்பிட்டு எழுதாமல் விட்டால் இந்தச் சில்லு குழம்பிவிடும்; பின்னால் வந்த அழைப்பையே தனக்கு எழுதச் சொன்ன எழுத்தாகக் கொண்டு தன் ஏட்டைத் தானே கெடுத்துக்கொள்ளும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. மறுமுறை முடுக்கும்போதுதான், அடையாள ஏட்டில் கூட்டுத்தொகை சரியில்லை என்று சொல்லி இயந்திரம் எழ மறுக்கும். பழுதுபார்க்க நிறுவனத்துக்கே அனுப்பவேண்டும். உடையவர் செய்ததெல்லாம் வெப்பம் எவ்வளவு என்று பார்க்க விரும்பியதுதான்.

சரி, எழுதுவதாகக் கூப்பிடாமல் படிப்பதாகக் கூப்பிட்டால் ஆகாதா? அதிலும் சிக்கல். எழுத மட்டுமே தெரிந்த, படிக்கக் கொடுக்கத் தெரியாத சில்லுகள் உண்டு. முகவரி 105ல் இருக்கும் சில தாளச் சில்லுகள் அப்படிப்பட்டவை. அவற்றைப் படிக்கப் போனால் பஸ்ஸே அடைத்துக்கொண்டு நின்றுவிடும். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே கேள்வி இல்லை என்பதை அப்போதுதான் கண்டுகொண்டார்கள். இன்று அந்தத் தேடும் கருவி 48 முதல் 55 வரையும் 80 முதல் 95 வரையும் உள்ள எண்களைப் படிப்பதாகக் கூப்பிடுகிறது. மற்றவற்றை எழுதுவதாகக் கூப்பிடுகிறது. ஒரு வகை பஸ் இயக்கும் நிரலோ, தயாரித்தவர் பெயர் ஐபிஎம் என்று கண்டாலே, "இது உங்கள் சில்லைக் கெடுக்கக்கூடும்" என்று எச்சரித்துவிட்டு வேலை செய்ய மறுக்கும்படி எழுதப்பட்டது.

லினக்ஸின் உள்ளே முகவரியைச் சரிபார்க்க இப்போது இரண்டு வகைச் சோதனைகள் இருக்கின்றன. பயனாளர் தாமே தெரிந்து, "இன்ன எண்ணில் இன்ன சில்லு இருக்கிறது" என்று சொன்னால் சோதனை தளர்வானது. 0 ஆக இருக்கக் கூடாது, 127ஐத் தாண்டக் கூடாது; அவ்வளவே. ஒதுக்கப்பட்ட எண்ணில் விதியை மீறிக் குடியேறிய சில்லுகளும் உலகில் இருப்பதால், தெரிந்து சொல்பவரைத் தடுப்பதில்லை. ஆனால் நிரல் தானாகத் தேடிப் போகும்போது சோதனை கண்டிப்பானது. 8க்குக் கீழும் 119க்கு மேலும் தட்டவே கூடாது. தெரிந்தவருக்கு ஒரு நீதி, தேடுபவருக்கு ஒரு நீதி. முதலில் கேட்கும்போது இது முறையல்ல என்று தோன்றும். யோசித்துப் பார்த்தால், தெரியாதவனுக்குத்தானே கட்டுப்பாடு அதிகம் வேண்டும்?

இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். 2008ஆம் ஆண்டு செப்டம்பரில், லினக்ஸின் 2.6.27 பதிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களில் சிலரின் இன்டெல் வலையட்டைகள் திடீரென்று பயனற்றுப்போயின. அட்டைக்குள் நிலையாகப் பதிந்திருந்த எழுத்துகள் கெட்டுப்போயிருந்தன. அட்டையை இயக்கும் நிரலைச் சந்தேகித்தார்கள். திரையில் படம் காட்டும் நிரலைச் சந்தேகித்தார்கள். இரண்டிலும் குற்றமில்லை.

உண்மையில் நடந்தது இதுதான். லினக்ஸின் உள்ளே எந்தப் பகுதி எப்போது ஓடுகிறது என்று கண்காணிக்க ஒரு புதிய கருவியைச் சேர்த்திருந்தார்கள். அது ஒவ்வொரு பகுதியின் முகவரியையும் ஏட்டில் குறித்துக்கொண்டு, பிறகு அந்த இடங்களுக்குப் போய் ஒரு சிறு கட்டளையை மாற்றி எழுதும். தொடக்கத்தில் மட்டும் ஓடி முடிந்துவிடும் பகுதிகளும் உண்டு. அவற்றின் இடத்தை லினக்ஸ் காலிசெய்து வேறு காரியத்துக்குக் கொடுத்துவிடும். அப்படிக் காலியான முகவரிகளில் வலையட்டையின் நிலைநினைவைக் குடியமர்த்திவிட்டது. கண்காணிப்புக் கருவியின் ஏட்டிலோ பழைய குடித்தனக்காரர் பெயரே இருந்தது.

அந்தக் கருவியை எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். மாற்றி எழுதும் முன், அங்கே தாம் எதிர்பார்க்கும் எழுத்துதான் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, இருந்தால் மட்டும் மாற்றும் ஒரே கட்டளையைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் இன்டெல் செயலியில் அந்தக் கட்டளை எப்படி வேலை செய்கிறது தெரியுமா? ஒப்பீடு பொருந்தாவிட்டால், படித்த பழைய எழுத்தையே திரும்ப அதே இடத்தில் எழுதும். நினைவகத்தில் இதனால் ஒன்றும் ஆகாது, அதே எழுத்துதானே. நிலைநினைவுக் கருவிக்கோ எழுதுவது என்றாலே அது ஓர் ஆணை. சரிபார்த்ததே அட்டையைக் கெடுத்தது.

2008 அக்டோபரில் உண்மை தெரிந்தது. அதற்கு முன்பே இன்டெல் பொறியாளர்கள், வலையட்டையின் நிலைநினைவைப் பூட்டி, தற்செயலாக யாரும் எழுத முடியாதபடி செய்திருந்தார்கள். 2.6.27 வெளியான சில நாளில் வந்த 2.6.27.1ல் கண்காணிப்புக் கருவியின் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தார்கள். பின்னர், காலிசெய்த இடத்தின் முகவரியை ஏட்டிலிருந்து நீக்கும்படியும், படித்துப் பார்த்துப் பொருந்தினால் மட்டுமே தனியாக எழுதும்படியும் திருத்தினார்கள்.

இப்போதெல்லாம் கைப்பேசி போன்ற சிறு பொறிகளில், எந்தச் சில்லு எந்த முகவரியில் இருக்கிறது என்ற பட்டியலைத் தயாரித்தவரே எழுதிக் கூடவே கொடுத்துவிடுகிறார். நிரல் கதவு கதவாகத் தட்டவேண்டியதில்லை. ஆயினும் மேசைக் கணிப்பொறிகளில் வெப்பச் சில்லுகளைத் தேடும் அந்தப் பழைய நிரல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குமுன் அது நின்று, "தேடலாமா?" என்று திரையில் எழுதி, ஆம் அல்லது இல்லை என்ற பதிலுக்காகக் காத்திருக்கும்.